டாம் அண்ட் ஜெர்ரியில அந்த தடி புருவ டாம் யாரு வரைஞ்சது? சக் ஜோன்ஸ் பத்தி தெரிஞ்சவங்க வாங்க

பென்சில்முனை:
வணக்கம் மக்களே. வீட்ல பொண்ணு கூட உக்காந்து டாம் அண்ட் ஜெர்ரி பாத்துட்டு இருக்கேன், எல்லா காலத்து எபிசோடும் கலந்து கட்டி வருது. அதுல சில எபிசோட் மட்டும் தனியா தெரியுது, டாமுக்கு புருவம் கருப்பா தடியா இருக்கும், ஜெர்ரிக்கு காதும் கண்ணும் பெருசா செல்லமா முழிச்சுட்டு இருக்கும், பின்னாடி வீடு தெரு எல்லாம் கோணல் கோணலா கலர் கலரா மாடர்ன் ஆர்ட் மாதிரி. அடிதடி கம்மி, முறைச்சு பாக்குறது ஜாஸ்தி. டைட்டில்ல நிறுத்தி பாத்தா சக் ஜோன்ஸ்னு போட்டிருக்கு.

இதே பேரை நான் ரோட் ரன்னர்லயும் பாத்திருக்கேன், பக்ஸ் பன்னி ஓபரா பாடுற படத்துலயும் பாத்திருக்கேன், அது ரெண்டும் எனக்கு உயிர். அவ்ளோ அருமையா பண்ண மனுஷன் டாம் அண்ட் ஜெர்ரியை ஏன் இப்படி பண்ணாரு? வார்னர் ஸ்டுடியோ ஆளு போட்டி ஸ்டுடியோ எம்ஜிஎம் படத்துக்கு எப்படி போனாரு? நான் இப்ப 2டி அனிமேஷன் கத்துக்கிட்டு இருக்கேன், அவரோட வேலைய வரிசையா பாக்கணும்னா எங்க ஆரம்பிக்கலாம்னும் சொல்லுங்க.

பழையரீல்:
நல்ல கேள்வி நண்பா. கொஞ்சம் நீளமாதான் எழுதப்போறேன், இந்த மனுஷன் பத்தி சுருக்கமா எழுத எனக்கு மனசு வராது.

பொறந்தது 1912, வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேன் ஊர்ல. சின்ன வயசுலயே குடும்பம் கலிஃபோர்னியா வந்துருச்சு, சைலன்ட் காமெடி படங்கள் தெருவுலயே ஷூட்டிங் நடந்த காலம், சாப்ளின் நடிக்கிறதை நேர்ல நின்னு பாத்திருக்காரு. அப்பா அடிக்கடி புது பிசினஸ் தொடங்குவாராம், ஒவ்வொரு தடவையும் கம்பெனி பேர் போட்ட லெட்டர் பேப்பரும் பென்சிலும் கட்டு கட்டா வாங்கிருவாரு, பிசினஸ் படுத்ததும் அந்த பேப்பர் மொத்தமும் பசங்க கைக்கு வந்துரும், சீக்கிரம் தீத்துருங்கன்னு வேற சொல்லுவாரு. வீட்ல எல்லா பசங்களும் வரைஞ்சு தள்ளினாங்க. இதை ஜோன்ஸே தன்னோட சுயசரிதைல எழுதியிருக்காரு.

ஷுனார்ட் ஆர்ட் ஸ்கூல்ல படிச்சுட்டு அப் ஐவர்க்ஸ்ங்கிற அனிமேட்டரோட ஸ்டுடியோல வேலைக்கு சேந்தப்ப கிடைச்ச முதல் வேலை செல் கழுவுறது. படம் எடுத்து முடிச்ச செல்லுலாய்ட் ஷீட்ல இருக்கிற மையையும் பெயின்ட்டையும் கழுவி திரும்ப யூஸ் பண்ண குடுக்கணும். அங்கேருந்து படிப்படியா மேல வந்து 1933ல லியோன் ஷ்லெசிங்கர் ஸ்டுடியோ, அதாவது வார்னருக்கு கார்ட்டூன் பண்ணிக் குடுத்த இடம். அங்க டெக்ஸ் ஏவரி, பாப் கிளாம்பெட் கூட ஒரு ஓட்டை பங்களாவுல உக்காந்து வேலை, கரையான் அரிச்ச இடம்ங்கிறதால டெர்மைட் டெரஸ்னு அவங்களே பேர் வச்சுக்கிட்டாங்க. 1938ல டைரக்டர் ஆயிட்டாரு, முதல் படம் த நைட் வாட்ச்மேன்.

ஆனா ஆரம்பத்துல அவர் படம் பாத்தா உங்களுக்கு நம்பவே முடியாது. ஸ்னிஃபிள்ஸ்னு ஒரு குட்டி எலி வச்சு வரிசையா பண்ணாரு, அழகா இருக்கும், மெதுவா இருக்கும், டிஸ்னி மாதிரி வரணும்னு அவ்ளோ மெனக்கெடல், சிரிப்பு மட்டும் வராது. பக்கத்து ரூம்ல ஏவரியும் கிளாம்பெட்டும் தியேட்டரை அதிர வச்சுட்டு இருந்தாங்க. 1942ல த டோவர் பாய்ஸ் வந்துச்சு, அங்கதான் ஆள் மாறினாரு. ஒரு போஸ்ல இருந்து இன்னொரு போஸுக்கு பாத்திரம் சட்டுனு தாவும், நடுவுல ஒண்ணு ரெண்டு ஃப்ரேம்ல உடம்பு பெயின்ட்டை இழுத்து விட்ட மாதிரி நீண்டு போயிருக்கும். இதுக்கு ஸ்மியர்னு பேரு, நீங்க கிளாஸ்ல கத்துக்கிட்டிருப்பீங்க. இந்த படத்தை பாத்துட்டு மேலிடம் அவரை கிட்டத்தட்ட வேலையை விட்டே அனுப்ப பாத்துச்சு.

அதுக்கப்புறம் 1940கள் கடைசில இருந்து 1957 வரைக்கும் அவர் பண்ண வேலை இருக்கே, ஹாலிவுட்ல எந்த காமெடி டைரக்டரோடவும் நிறுத்தி பேசலாம்னு நான் நினைக்கிறேன். ரோட் ரன்னர் 1949, ரேபிட் ஆஃப் செவில் 1950, டக் அமக் 1953, ஒன் ஃபிராகி ஈவ்னிங் 1955, வாட்ஸ் ஓபரா டாக் 1957. ஆஸ்கார் கணக்குல 1949 வருஷத்து படங்கள் மட்டும் ரெண்டு, பெப்பே லெ பியூங்கிற ஸ்கங்க் வர்ற ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ், பொது சுகாதாரம் பத்தி பண்ண சோ மச் ஃபார் சோ லிட்டில். பெப்பே படத்துல சிரிக்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு திரிஞ்ச ப்ரொட்யூசர் எட்டி செல்சர்தான் மேடையேறி அந்த ஆஸ்காரை வாங்கினாரு, அப்பல்லாம் விருது ப்ரொட்யூசருக்குத்தான். அதே செல்சர் ஒருநாள் ரூம் வாசல்ல வந்து நின்னு காளைச் சண்டை படம் எதுவும் எடுக்காதீங்க, அதுல காமெடியே கிடையாதுன்னு சொல்லிட்டு போனாரு. அதுவரைக்கும் யாருக்கும் காளைச் சண்டை எடுக்கிற எண்ணமே இல்ல, இவர் சொல்றது எல்லாம் தப்பாத்தான் இருக்கும்ங்கிற நம்பிக்கைல புல்லி ஃபார் பக்ஸ் எடுத்தாங்க. பாருங்க, அட்டகாசமா இருக்கும்.

எம்ஜிஎம் போன கதையை அப்புறம் எழுதுறேன், சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு.

24ஃப்ரேம்:
நான் அனிமேஷன் ஃபீல்டுலதான் இருக்கேன், அதனால வேலை பக்கமா சொல்றேன் ப்ரோ.

ரோட் ரன்னர்ல அந்த பறவையை துரத்துற ஓநாய் மலை விளிம்புல இருந்து விழுற ஷாட் இருக்குல்ல, மேலேருந்து பாப்போம், சின்ன புள்ளியா ஆகி மறையும், அப்புறம் கீழ சின்னதா ஒரு தூசி மேகம் கிளம்பும். அது மறையுறதுக்கு 18 ஃப்ரேம், மறைஞ்சு தூசி வர்றதுக்கு 14 ஃப்ரேம், இதான் அவர் வச்ச கணக்கு. 13 வச்சாலும் சிரிப்பு வரல, 15 வச்சாலும் வரலன்னு அவரே சொல்லியிருக்காரு. செகண்டுக்கு 24 ஃப்ரேம், அப்ப ஒரு ஃப்ரேம் வித்தியாசம்ங்கிறது கண்ணு சிமிட்டுற நேரம் கூட இல்ல. முதல் தடவை படிச்சப்ப எனக்கு நம்பிக்கை இல்ல, ஒரு ஷாட்டை எடுத்து ஃப்ரேம் கூட்டி குறைச்சு போட்டு பாத்தேன், உண்மையாவே மாறுது ப்ரோ, நீங்களும் பண்ணி பாருங்க, இதைவிட நல்ல டைமிங் பாடம் கிடையாது.

இன்னொண்ணு, இப்ப நம்ம எடிட்டிங் டேபிள்ல வச்சு வெட்டி ஒட்டி டைமிங் சரி பண்றோம். அவங்களுக்கு அந்த வசதி இல்ல. தியேட்டருக்கு போற படம் ஆறு நிமிஷம், அதாவது 540 அடி ஃபிலிம், கூடுதலா வரைஞ்சா காசு வேஸ்ட். அதனால ஒரு கோடு அனிமேட் பண்றதுக்கு முன்னாடியே டைரக்டர் மொத்த படத்தையும் ஃப்ரேம் ஃப்ரேமா எக்ஸ்போஷர் ஷீட்ல, அதாவது எந்த ஃப்ரேம்ல எந்த படம்னு குறிக்கிற தாள்ல எழுதிடணும். படம் ஓடுறதுக்கு முன்னாடி மண்டைக்குள்ள முழுசா ஓடியிருக்கணும். ஒரு யூனிட்டுக்கு வருஷத்துக்கு சுமாரா பத்து படம், அப்ப ஒரு படத்துக்கு அஞ்சு வாரம்தான் கணக்கு. ஜோன்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் முக்கியமான போஸ் எல்லாத்தையும் தன் கையாலயே நூத்துக்கணக்குல வரைஞ்சு அனிமேட்டர் கிட்ட குடுப்பாரு. அந்த புருவம், பாதி மூடின கண்ணு, ஓரமா கேமராவை பாக்குற பார்வை, எல்லாம் அவர் கைல இருந்து நேரா வர்றது. அதான் யார் அனிமேட் பண்ணாலும் பாத்த உடனே அவர் படம்னு தெரியும்.

நீங்க கேட்ட தடி புருவமும் அதே கைதான்.

வாத்துரசிகன்:
எல்லாரும் ஜோன்ஸ் ஜோன்ஸ்னு சொல்றீங்க, எனக்கும் பிடிக்கும், ஆனா அந்த யூனிட்டை விட்டுட்டு பேசினா அது நியாயம் இல்லீங்க. கதை எழுதினது மைக்கேல் மால்டீஸ். லேஅவுட் மாரிஸ் நோபிள், நீங்க மாடர்ன் ஆர்ட் மாதிரின்னு சொன்னது அவர் வேலைதான், டாம் அண்ட் ஜெர்ரிக்கும் அவர் கூடவே போனாரு. அனிமேட்டர்ல கென் ஹாரிஸ், பென் வாஷம், ஏப் லெவிடோ. குரல் மெல் பிளாங்க். மியூசிக் கார்ல் ஸ்டாலிங், அவருக்கப்புறம் மில்ட் ஃபிராங்க்ளின். சவுண்ட் எஃபெக்ட் ட்ரெக் பிரவுன். ரோட் ரன்னர் போடுற அந்த பீப் பீப் இருக்கே, அது பேக்கிரவுண்டு பெயின்டர் பால் ஜூலியன் கைல பெரிய பெயின்டிங் தூக்கிட்டு வராண்டால வேகமா வரும்போது வழி விடுங்கன்னு போட்ட சத்தம். கேட்டவங்க அவரையே கூப்பிட்டு ரெக்கார்ட் பண்ணாங்க.

அங்க கதை பேசுற கூட்டம் ஒண்ணு நடக்கும், எல்லா யூனிட் டைரக்டரும் கதாசிரியரும் வந்து உக்காருவாங்க, ரெண்டு மணி நேரம், அந்த நேரத்துல யாரும் முடியாது வேணாம் நல்லால்லன்னு சொல்லவே கூடாது, ஐடியா இருந்தா சொல்லணும் இல்லன்னா சும்மா இருக்கணும். இப்படி ஒரு இடத்துல இருந்துதான் அந்த படங்கள் வந்துச்சு.

அப்புறம் ரோட் ரன்னருக்கு ஒன்பது விதி இருந்துச்சுன்னு ஒரு லிஸ்ட் நெட்ல சுத்துது, ஜோன்ஸ் புத்தகத்துல இருந்து எடுத்தது. ஓநாய்க்கு அடி படுறது அதோட சொந்த கையாலாகாத்தனத்தாலயோ, அது வாங்குற அக்மிங்கிற கற்பனை கம்பெனி சாமான் சொதப்புறதாலயோதான் இருக்கணும், ரோட் ரன்னர் ரோட்டை விட்டு இறங்கக்கூடாது, பீப் பீப் தவிர வசனம் கிடையாது, இப்படி போகும். ஆனா அந்த படங்களை எழுதின மால்டீஸ் கிட்ட கேட்டப்ப இப்படி விதி எதையும் நான் கேள்விப்பட்டதே இல்லன்னு சொல்லிட்டாரு. பின்னாடி உக்காந்து யோசிச்சு எழுதின விதியாத்தான் இருக்கணும்னு எனக்கு தோணுது.

டக் அமக் பத்தி சொல்லாம போக மனசில்ல. டாஃபிங்கிற வாத்து கத்தி சண்டைக்காரன் வேஷத்துல வர்றான், பேக்கிரவுண்டு பாதியில காணாம போயிடுது. யாரோ ஒரு வரையுறவன் பெயின்ட் மாத்துறான், சவுண்டை எடுத்துடுறான், டாஃபியை அழிச்சுட்டு வேற உடம்பு வரையுறான். கோவிச்சு, கெஞ்சி, பேரம் பேசி, எல்லாம் பண்றான் டாஃபி. உடம்பே மாறினாலும் குரலே இல்லாம போனாலும் அது டாஃபிதான்னு நமக்கு தெரிஞ்சுட்டே இருக்கு. ஒரு கார்ட்டூன் பாத்திரம்னா என்னங்கிற கேள்விக்கு ஏழு நிமிஷத்துல பதில் சொல்லிட்டாங்க. நூறு தடவை பாத்தாலும் எனக்கு அலுக்காது.

பென்சில்முனை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. 24ஃப்ரேம் சொன்ன அந்த 14 ஃப்ரேம் விஷயத்தை இன்னைக்கே பண்ணி பாக்கப்போறேன். பழையரீல் அண்ணா, வார்னரை விட்டு ஏன் போனாரு? அதை சொல்லுங்க. அவ்ளோ நல்ல டீம் எப்படி உடைஞ்சுச்சு?

பழையரீல்:
வந்துட்டேன். முதல்ல ஒரு தடவை 1953ல உடைஞ்சுச்சு. 3டி படம் வந்து எல்லாத்தையும் மாத்திரும்னு நினைச்சு வார்னர் கம்பெனி தலைவர் ஜாக் வார்னர் கார்ட்டூன் ஸ்டுடியோவையே கொஞ்ச காலம் மூடிட்டாரு. அப்ப ஜோன்ஸ் டிஸ்னி போய் ஸ்லீப்பிங் ப்யூட்டில வேலை பாத்தாரு, நாலு மாசத்துக்கு மேல தாங்கல. அங்க எந்த முடிவும் வால்ட் டிஸ்னி வந்து பாத்து சொல்ற வரைக்கும் நகராது, இவருக்கு அது ஒத்து வரல. உனக்கு என்ன வேலைதான் வேணும்னு டிஸ்னி கேட்டப்ப உங்க வேலைதான்னு சொன்னாராம், அது காலியா இல்லன்னு டிஸ்னி சொல்லிட்டாராம். வார்னர் கதவு திறந்ததும் திரும்பி வந்துட்டாரு.

திரும்பி வந்து பண்ணதுதான் ஒன் ஃபிராகி ஈவ்னிங்கும் வாட்ஸ் ஓபரா டாக்கும். ஒன் ஃபிராகி ஈவ்னிங், அதான் தவளை படம், அதுல பேச்சே கிடையாது, தவளை பாடுற பாட்டு மட்டும்தான். அது தன்னை கண்டெடுத்த ஆளு முன்னாடி மட்டும் தொப்பியும் கோலுமா ஆடிப் பாடும், வேற யார் வந்தாலும் வெறும் தவளை. அவன் பேராசையும் நம்பிக்கையும் அவமானமும் எல்லாம் முகத்துலயே நடக்குது. ஓபரா படத்துல வாக்னரோட நாலு நாள் ஓடுற நாடகத்தை ஏழு நிமிஷத்துக்குள்ள அடக்கி, நோபிள் வரைஞ்ச அந்த பிரம்மாண்டமான செட்டுகளோட, அஞ்சு வாரத்துல முடியவே முடியாத வேலை. ஏழு வாரம் எடுத்துக்கிட்டாங்க, மிச்ச நாளை ரோட் ரன்னர் படத்துக்கு வேலை பாத்ததா டைம் கார்டுல எழுதிட்டாங்க. 1992ல அமெரிக்க தேசிய திரைப்பட பதிவேட்டுல அதை சேத்தாங்க, அந்த லிஸ்டுல போன முதல் குட்டி கார்ட்டூன்ல ஒண்ணு அது.

கடைசில போனது 1962ல. யுபிஏ ஸ்டுடியோவுக்காக கே பர்ரீன்னு ஒரு முழு நீள படத்துக்கு அவரும் மனைவி டாரதியும் சேந்து திரைக்கதை எழுதினாங்க. வார்னரோட கான்ட்ராக்ட் படி வெளிய வேலை பாக்க கூடாது. அந்த படத்தை ரிலீஸுக்கு வாங்கினதே வார்னர்தான், அப்பதான் விஷயம் தெரிஞ்சு வேலையை விட்டு தூக்கிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு கிட்ட வேலை பாத்த மனுஷனை. அடுத்த வருஷம் அந்த கார்ட்டூன் ஸ்டுடியோவையே மூடிட்டாங்க, அப்ப பழைய யூனிட் ஆட்கள் பலரும் ஜோன்ஸ் புதுசா தொடங்கின இடத்துக்கு வந்துட்டாங்க, மால்டீஸ் உட்பட.

எம்ஜிஎம் அவங்களைத்தான் டாம் அண்ட் ஜெர்ரி பண்ண கூப்பிட்டுச்சு. அதை உருவாக்கின ஹன்னாவும் பார்பெராவும் 1940ல இருந்து 1958 வரைக்கும் 114 படம், ஏழு ஆஸ்கார். அப்புறம் ஜீன் டீச் பிராக் நகரத்துல இருந்து 13 படம். அதுக்கப்புறம் 1963ல இருந்து 1967 வரைக்கும் ஜோன்ஸ் டீமோட 34 படம். உங்க தடி புருவ டாம் இந்த 34ல இருக்கிறவன்.

ஏன் ஒட்டலங்கிறதுக்கு என் பதில் இது. ஹன்னா பார்பெரா படத்துல வலிதான் காமெடி, வாணலில அடி விழுந்தா நமக்கே பல்லு கூசும். ஜோன்ஸுக்கு அடியில ஆர்வம் கிடையாது, அடி விழப்போகுதுன்னு தெரிஞ்சுகிட்ட அந்த நொடியில முகம் என்ன ஆகுதுன்னுதான் அவர் பாப்பாரு. ஓநாய் விழுறதுக்கு முன்னாடி நம்மளை திரும்பி பாக்குமே, அது. ஓநாய்க்கு பசி இருக்கு, பிடிவாதம் இருக்கு, அதனால அந்த பார்வைக்கு ஒரு அர்த்தம் இருக்கு. டாமுக்கும் ஜெர்ரிக்கும் ஹன்னா பார்பெரா குடுத்தது வேகமும் வன்மமும்தான், அந்த ரெண்டையும் எடுத்துட்டு முகத்தை மட்டும் வச்சா அழகா ஒரு ஓவியம் வருது, சண்டை வரல. இது தன்னோட பாத்திரங்கள் இல்லங்கிறதை ஜோன்ஸே பேட்டிகள்ல ஒத்துக்கிட்டிருக்காரு.

மதியஷோ:
எனக்கு முழுசா உடன்பாடு இல்ல. த கேட் அபோவ் அண்ட் த மவுஸ் பிலோ பாருங்க, 1964 படம், டாம் மேடைல ஓபரா பாடுறான், மேடைக்கு அடியில ஜெர்ரி தூங்க முடியாம தவிக்குது. அங்க ஜோன்ஸோட முகமும் நேரக் கணக்கும் கச்சிதமா பொருந்தியிருக்கு. ஓடவே வேண்டியதில்லாத கதைன்னா அவர் டாம் நல்லாவே இருப்பான். 34 படத்தையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

அதோட எம்ஜிஎம்ல இருந்தப்பதான் த டாட் அண்ட் த லைன் 1965ல வந்து ஆஸ்கார் வாங்குச்சு. ஒரு நேர் கோடு ஒரு புள்ளியை காதலிக்குது, அவ்ளோதான் கதை. முகமே இல்லாத கோட்டுக்கு ஏக்கம் குடுக்க முடியுதுன்னா அந்த கையை என்ன சொல்றது.

1966ல கிரிஞ்ச் டிவி ஸ்பெஷல், கிறிஸ்துமஸையே திருடப் பாக்குற ஒரு சிடுமூஞ்சி கதை. குழந்தைகள் புத்தகம் எழுதுற டாக்டர் சூஸ், நிஜப் பேர் கைசல், யுத்த காலத்துல ராணுவத்துக்காக ப்ரைவேட் ஸ்னாஃபுன்னு கார்ட்டூன் பண்ணப்ப ஜோன்ஸோட சேந்து வேலை பாத்தவரு, அந்த பழக்கத்துலதான் தன் புத்தகத்தை டிவிக்கு குடுக்க சம்மதிச்சாரு. கிரிஞ்ச்சுக்கு திருட்டு ஐடியா தோணும்போது வாய் ஓரத்துல இருந்து மெதுவா சுருண்டு மேல ஏறுற அந்த சிரிப்பை பாருங்க, அப்புறம் உங்க டாம் சிரிக்கிறதை பாருங்க. ஒரே சிரிப்பு. டாம்ல ஒட்டாதது கிரிஞ்ச்ல அப்படியே ஒட்டிடுச்சு.

பொண்ணோட பாக்குறீங்கன்னு சொன்னதால ஒண்ணு, 1975ல ரிக்கி டிக்கி டாவி பண்ணாரு, கிப்ளிங் கதை, நம்ம நாட்டுல நடக்குற கீரிப்பிள்ளையும் நாகமும் கதை, கதை சொல்ற குரல் ஆர்சன் வெல்ஸ். பாம்பு ஜோடி கொஞ்சம் பயமுறுத்தும், ரொம்ப சின்ன குழந்தைன்னா பக்கத்துல உக்காந்து பாருங்க.

வாத்துரசிகன்:
மதியஷோ சொன்ன கேட் அபோவ் நல்ல படம்தான், ஒத்துக்குறேன்.

ஒண்ணு மட்டும் சேத்துக்குறேன், பெரிய மனுஷன்ங்கிறதுக்காக இதை மறைக்க வேண்டாம். 1979ல பழைய படங்களை கோத்து த பக்ஸ் பன்னி ரோட் ரன்னர் மூவின்னு ஒண்ணு பண்ணாரு. அதுல பக்ஸ் பன்னி தன்னோட அப்பாக்கள்னு டைரக்டர்கள் பேரை சொல்லும், ஆனா பாப் கிளாம்பெட் பேர் இருக்காது. ரெண்டு பேருக்கும் பல வருஷமா மனஸ்தாபம், எல்லாத்தையும் தானே உருவாக்கினதா கிளாம்பெட் பேட்டி குடுத்துட்டு இருந்தாருன்னு ஜோன்ஸுக்கு கோவம். கோவம் நியாயமாவே இருந்தாலும் பேரை எடுத்தது தப்புன்னுதான் நான் சொல்வேன். கிளாம்பெட்டோட டாஃபி இல்லாம ஜோன்ஸோட டாஃபி கிடையாது, அந்த பைத்தியக்கார வாத்தை பாத்துட்டுதான் பொறாமை பிடிச்ச வாத்தை இவர் உண்டாக்கினாரு.

24ஃப்ரேம்:
அது சரிதான் ப்ரோ. 1996ல கௌரவ ஆஸ்கார், 2002ல 89 வயசுல போய் சேந்தாரு, வயசான காலத்துலயும் படம் பண்ணிட்டு வரைஞ்சுட்டே இருந்தாரு.

பென்சில்முனை, பாக்குற வரிசை கேட்டீங்கல்ல. முதல்ல ஸ்னிஃபிள்ஸ் படம் ஏதாவது ஒண்ணு, ஒண்ணே போதும். உடனே டோவர் பாய்ஸ். அப்புறம் ரேபிட் ஃபயர், ரேபிட் சீசனிங், டக் ரேபிட் டக் மூணையும் ஒரே மூச்சுல பாருங்க, 1951ல இருந்து 1953 வரைக்கும் வந்தது, முயல் சீசன் வாத்து சீசன்னு மூணு பேர் நின்னு பேசிட்டே இருப்பாங்க, ஓட்டமே கிடையாது, அதுல டாஃபியோட கண்ணை மட்டும் கவனிங்க. அப்புறம் டக் அமக், தவளை, ஓபரா. கடைசியா கிரிஞ்ச். தவளை படத்தை ரெண்டாவது தடவை பாக்கும்போது சவுண்டை அணைச்சுட்டு பாருங்க, ஒவ்வொரு போஸ்லயும் எத்தனை ஃப்ரேம் நிக்கிறான்னு எண்ணி எழுதுங்க.

பென்சில்முனை:
ரேபிட் சீசனிங் இப்பதான் பாத்தேன். துப்பாக்கி வெடிச்சு அலகு பின்னாடி திரும்பிக்கும், டாஃபி பேசாம கையால எடுத்து முன்னாடி மாட்டிட்டு ஒரு முறை முறைப்பான் பாருங்க, அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி பாத்துட்டு இருக்கேன், பொண்ணு அப்பா ஓட விடுங்கன்னு கத்துறா. எண்ணி எழுதினதை நாளைக்கு இங்கயே போடுறேன், 24ஃப்ரேம் பாத்து சொல்லுங்க.